பாட்டு தானாக இறங்கியபோது

எனக்குச் சத்தம் வேண்டும். சத்தம் இல்லாத வீட்டில் உட்கார்ந்து என்னால் தைக்க முடியாது. மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் போதாது. அது ஒரே மாதிரி ஓடும். அதற்கு நடுவில் மனசு பேச ஆரம்பித்துவிடும். கேஸை அணைத்தோமா, பின்கதவுக்குத் தாழ் போட்டோமா, நேற்று வாங்கிப்போன ஜாக்கெட்டில் கழுத்து இறங்கிப் போயிருந்தால் அந்தம்மா என்ன சொல்லும், வெளிநாட்டில் இருக்கிற மனுஷனுக்கு ஒன்று ஆகிவிட்டால் யார் போன் பண்ணிச் சொல்வார்கள், எந்தப் பாஷையில் சொல்வார்கள். இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்று. பாட்டைச் சத்தமாக வைத்தால் இதெல்லாம் கொஞ்சம் அடங்கும். அதனால் கம்ப்யூட்டரில் பாட்டு தானாகக் குறைய ஆரம்பித்தது மற்றவர்களுக்குச் சின்ன விஷயம். எனக்கு அப்படி இல்லை.

நாங்கள் இருப்பது திருவரங்குளத்தில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிய தெரு. முன்னறையில் தையல் மிஷின், அதற்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர். அது என் வீட்டுக்காரர் லீவில் வந்திருந்தபோது வாங்கி வைத்தது. அவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். எனக்குப் பிடித்த பாட்டையெல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தார். கேபிள்காரரிடம் சொல்லி நெட்டும் போட்டார். திரைக்கு மேலே ஒரு சின்ன கேமராவை மாட்டினார்.

"போன்ல பேசுனா நீ மிஷின விட்டு எந்திரிக்கணும். ஒனக்கு வேலை கெடும். இதுல நீ எதையும் தொட வேணாம் புள்ள. நான் கூப்பிட்டா அதுவா எடுத்துக்கும். நீ தச்சுக்கிட்டே பேசு, நான் பாத்துக்கிட்டே பேசுறேன்" என்றார். அவருடைய ரூமில் கூட இருப்பவரிடம் ஒரு லேப்டாப் உண்டு. அதிலிருந்து கூப்பிடுவதற்கு ஒரு சாப்ட்வேரைப் போட்டுவிட்டு, லீவு முடிந்து திரும்ப விமானம் ஏறினார்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் பயந்த சுபாவம். ஆளில்லாத வீட்டில் திடீரென்று மணி அடித்து, அடுத்த நொடியே "ஏ புள்ள" என்று ஒரு ஆம்பளைக் குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்டால் தூக்கிவாரிப் போடும். ஒரு தடவை ஊசி விரலில் இறங்கிவிட்டது. நகத்தோடு சேர்த்துக் குத்தியிருந்தது. அன்றைக்கு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே கம்ப்யூட்டரை நோண்டினேன். கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் படம் இருக்கிறது. அதைத் தட்டினால் எதெதற்கு எவ்வளவு சத்தம் என்று தனித்தனியாகக் கோடு வரும். பாட்டுக்கு ஒரு கோடு, அந்த சாப்ட்வேருக்கு ஒரு கோடு. சாப்ட்வேருடைய கோட்டை அடிமட்டத்துக்கு இழுத்து விட்டேன். நான் எட்டாவதோடு நின்றவள். சத்தம் வராவிட்டால் அவர் கூப்பிடுவதும் உள்ளே வராது என்று முடிவு செய்துகொண்டேன்.

அவரிடம் சொல்லவில்லை. 'ஏன், என் குரலக் கேட்டாப் பயமா இருக்கா' என்று கேட்டுவிடுவாரோ என்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும்தான் போனில் பேசுகிறோமே, அது போதும் என்று விட்டுவிட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர், "நான் கூப்பிட்டாப் பேசவே மாட்டேங்கிறியே" என்றார். போனைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "வேலை சரியா இருக்குங்க" என்று சொன்னேன். "ம்" என்றார்.

கேமராவுக்கும் நான்தான் வழி செய்தேன். பஸ்ஸில் வரும்போது பின் சீட்டில் இரண்டு பெண்கள், கேமரா வழியாக வீட்டுக்குள்ளே யார் யாரோ பார்க்கிறார்கள் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கே ஒரு துண்டு லைனிங் துணியை வெட்டிக் கேமரா மேல் தொங்கவிட்டேன். குளிர்காலத்துக் குழந்தை மாதிரி அது மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் பாட்டு இறங்க ஆரம்பித்தது. நல்ல சத்தத்தில் போய்க்கொண்டிருக்கும். யாரும் தொடமாட்டார்கள். சட்டென்று பாட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்ட மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நேரம் அப்படியே முணுமுணுத்துவிட்டு, அதே மாதிரி சட்டென்று திரும்பி வரும். பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் மோட்டார் போடுவார்கள். கரண்டு இறங்கும். அதனால் லோ வோல்டேஜ் என்று நினைத்தேன். டியூப்லைட் மங்குகிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன். மங்கியது மாதிரியும் இருக்கும், மங்காதது மாதிரியும் இருக்கும்.

இங்கே இன்னொன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்குக் குழந்தை இல்லை. இரண்டு தடவை உண்டாகித் தங்காமல் போனது. முதல் தடவை எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பைப்படியில், ரேஷன் கடையில், கோயிலில், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். கலைந்த பிறகு துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்ல. ஊரு கண்ணு பொல்லாதது." இரண்டாவது தடவை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு மதினியிடம் மட்டும் சொன்னேன். அதுவும் தங்கவில்லை. அன்றிலிருந்து நல்லதை வாயால் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். வேண்டும் என்பதை வேண்டாம் என்பேன். நடக்கும் என்று நம்புவதை நடக்காது என்பேன். மழை வரும்போல இருந்தால்கூட, "எங்க பெய்யப்போகுது" என்றுதான் சொல்வேன். எங்கள் பக்கத்தில் பெண்கள் கொஞ்சம் கொஞ்சம் எல்லோருமே இப்படித்தான். எனக்கு அது பழக்கமாகி, பிறகு பயமாகவே ஆகிவிட்டது.

புதுக்கோட்டையில் நாங்கள் காட்டிய டாக்டரம்மா, "ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தாத்தாம்மா நான் எதுவும் செய்ய முடியும். வயசும் போய்க்கிட்டே இருக்கு" என்று வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அதை என் வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டுதான் விமானம் ஏறினார்.

அப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை அவர் சொன்னார்: "தை மாசத்தோட இங்க வேலைய முடிச்சுக்கிட்டு வந்துர்றேன். இனிமேப்பட்டுப் போகப்போறதில்ல. ஆலங்குடி ரோட்டுல ஒரு கடை பாத்து வைக்கச் சொல்லிருக்கேன்."

என் வாயில், "ம், பாப்போம்" என்றுதான் வந்தது. போனை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். அடுத்த நாள் டவுனுக்குப் போய் ஒரு புது மெத்தை வாங்கி வந்தேன்.

பக்கத்து வீட்டில் இருப்பது மதினி. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அக்கா. வாய் நிறையப் பேசுகிறவள். ஒரு மத்தியானம் அக்குள் தையலைப் பிரிக்க வேண்டும் என்று ஒரு ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னடி பாட்டு, செத்த வீட்டுல மூக்கு சிந்துற மாதிரி கேக்குது?" என்றாள் வந்ததும்.

அப்போதுதான் பாட்டு இறங்கியிருந்தது. "லோ வோல்டேஜு மதினி. எங்கிட்டோ மோட்டார் போட்டுட்டாங்க."

"அது கெடக்கட்டும். தம்பி தைக்கு வாரானாமுல்ல? ஒரேயடியா வாரானாம். எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி நீ?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. ஒன் மூஞ்சியப் பாத்தா எண்ணெய் குடிச்சவ மாதிரி இருக்கு. உள்ளுக்குள்ள குத்தாட்டம்தானே போடுற?"

ஊரே சொல்கிறது என்றால் ஊர்க் கண் பட்டாகிவிட்டது. அவசரமாக மாற்றிப் பேசினேன். "போங்க மதினி. அவரு எங்கிட்டு வரப்போறாரு. வராம இருந்தாத்தான் எனக்கு நிம்மதி."

"அடி ஆத்தி!"

"ஆமா. நான்பாட்டுக்குத் தச்சுக்கிட்டு, பாட்டக் கேட்டுக்கிட்டு இருக்கேன். வந்தா ஆக்கிப் போடணும், ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லணும். அங்கிட்டே இருக்கட்டும்."

மதினி என்னைப் பார்த்தாள். என் பாஷை அவளுக்குத் தெரியும். அதற்குள் பாட்டு சட்டென்று ஏறிவிட்டது. ஏறிய சத்தத்துக்கு மேலே அவள் கத்தினாள்: "அப்ப புது மெத்தை எதுக்குடி வாங்கிப் போட்டுருக்க? எலி படுக்கவா?" இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

அதற்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அவர் அதிகம் பேசவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டார், வைத்துவிட்டார். அதற்கும் அடுத்த வெள்ளிக்கிழமை, "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

"எதுக்குங்க?"

"கம்பெனில கேட்டாங்க. போட்டேன்."

"கடைன்னு சொன்னீங்களே."

"கடை எங்க போகுது. ஒனக்கு அங்க என்ன கொறை? நீதான் நல்லா இருக்கியே."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு கேட்டிருப்பேன். சலித்துப்போன குரல். எனக்கு என்னென்னவோ தோன்றியது. உடம்புக்கு ஏதாவது வந்து மறைக்கிறாரா. வேறு யாராவது உண்டா. இல்லை, டாக்டரம்மா சொன்னதில் மனசு விட்டுப்போய், இவளோடு இருந்து என்ன ஆகப்போகிறது என்று முடிவு செய்துவிட்டாரா. கடைசியாகத் தோன்றியதுதான் மனசில் அதிக நேரம் நின்றது. மெத்தையின் பிளாஸ்டிக் உறையை நான் அதுவரை பிரிக்கவில்லை. பிரித்தால் கண் பட்டுவிடும் என்று அவர் வருகைக்காக வைத்திருந்தேன்.

அவரைச் சரி செய்ய எனக்கு வழி தெரியவில்லை. அதனால் பாட்டைச் சரி செய்யப் புறப்பட்டேன். இப்போது யோசித்தால் அப்படித்தான் தெரிகிறது. ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி, சேலை முந்தானையில் துடைத்து மறுபடி செருகினேன். எலி கடித்திருக்கிறதா என்று மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளேயரில் உள்ள வால்யூம் கோடு முழுசாக இருந்தது. ஸ்பீக்கர் திருகும் முழுசாக இருந்தது. ஒரு பாட்டில் இறங்கினால் அந்தப் பாட்டைத்தான் குறை சொல்லி அடுத்ததை வைப்பேன். அதுவும் இறங்கியபடியே ஓடும். ஒருநாள் டியூப்லைட் பளிச்சென்று எரிகிறது, மிக்சி போட்டால் முழு வேகத்தில் சுற்றுகிறது, பாட்டு மட்டும் இறங்கிக் கிடக்கிறது. அன்றைக்கு லோ வோல்டேஜும் இல்லை என்று ஆகிவிட்டது.

கம்ப்யூட்டரைக் கட்டைப்பையில் வைத்து, கண்டக்டரிடம் கெஞ்சி, புதுக்கோட்டைக்கு பஸ்ஸில் கொண்டுபோனேன். கடைக்காரர் மேஜையில் வைத்து மாட்டிப் பாட்டைப் போட்டார். கடையே அதிர்ந்தது. ஒரு மணி நேரம் ஓடவிட்டார். ஒரு பொட்டு இறங்கவில்லை.

"நல்லாத்தானேக்கா இருக்கு."

"வீட்டுல இறங்குதுங்க."

"இங்க இறங்கலையே."

"நான் பொய்யா சொல்றேன்?"

"சேச்சே. வேணும்னா ஒண்ணு செய்யுறேன். வேற பிளேயர் போட்டுத் தாரேன். இதுல சத்தத்த நூறுக்கு மேல எரநூறு வரைக்கும் ஏத்தலாம். இறங்குனா நீங்க ஏத்திக்கங்க."

டாக்டரிடம் போனால் வலி நின்றுவிடுகிற மாதிரி, அங்கே நன்றாக ஓடியதும் எனக்கு என் மேலேயே சந்தேகம் வந்தது. எல்லாம் என் மனசில்தான் நடக்கிறதோ என்று. வீட்டுக்கு வந்தேன். மறுநாள் மத்தியானம் பாட்டு இறங்கியது. இருநூறுக்கு ஏற்றினேன். பரவாயில்லை, கேட்டது. நிம்மதியாக ஒரு ஜாக்கெட் கையைத் தைத்து முடிப்பதற்குள் அது பழையபடி ஏறிக்கொண்டது. இருநூறில் ஏறினால் எப்படி இருக்கும். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மதினி தன் வீட்டு வாசலிலிருந்து, "ஏண்டி, தேரு கெளம்பிருச்சா?" என்று கத்தினாள்.

விஷயம் தெரிந்தது ஐப்பசி மழையில். வெளியே இருட்டிக்கொண்டு தூறிக்கொண்டிருந்தது. கரண்டு மட்டும் எப்படியோ போகவில்லை. லைட் போட எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, அரை இருட்டில் தைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு இறங்கியது. தலை நிமிர்ந்தேன். கேமரா மேல் தொங்கவிட்ட லைனிங் துணிக்குள்ளே ஒரு பச்சை வெளிச்சம், மின்மினி மாதிரி.

பஸ்ஸில் கேட்டது நிஜம்தான், யாரோ பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓடிப்போய் மதினியைக் கூப்பிடலாமா என்று பார்த்தேன். அதற்கு முன்னால் எட்டி மவுசைப் பிடித்து ஸ்பீக்கர் படத்தைத் தட்டினேன். கோடுகள் வந்தன. பாட்டுக்கோடு துள்ளிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், நான் அடிமட்டத்துக்கு இழுத்துவிட்ட அந்தக் கோட்டுக்குள்ளேயும் ஏதோ பச்சையாக லேசாக அசைந்துகொண்டிருந்தது. சத்தமில்லாமல் ஒருவர் வாய் அசைக்கிற மாதிரி.

அதைப் பிடித்து மேலே ஏற்றினேன்.

ஏதோ ஒரு மிஷினின் இரைச்சல். யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். பிறகு அவர் குரல். என்னிடம் பேசவில்லை. ரூமில் கூட இருப்பவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"கேளு. மிஷின் ஓடுது, பாட்டு ஓடுது. எப்பப் பாரு அதான். கேமராவ மூடி வச்சிருக்கு. கூப்பிட்டாப் பதில் இல்ல. ஆளு நல்லாத்தான் இருக்கு. கேட்டுட்டு வச்சிருவேன், அம்புட்டுத்தான்."

"என்னங்க" என்று கத்திவிட்டேன்.

பாத்திரச் சத்தம் அப்படியே நின்றது. பிறகு லைன் கட்டானது. பச்சை வெளிச்சம் அணைந்தது. பாட்டு முழுச் சத்தத்தில் வந்து என் மேல் விழுந்தது.

அன்றைக்கு நான் அதற்கு மேல் தைக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். சத்தத்துக்கான பக்கத்தில் ஓரமாக ஒரு பகுதி. எல்லாம் இங்கிலீஷ். எழுத்துக்கூட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை. போனில் படம் பிடித்துத் தமிழில் மாற்றினேன். 'தொடர்பாடல் நடவடிக்கை கண்டறியப்படும்போது பிற ஒலிகளை எண்பது சதவீதம் குறைக்கவும்' என்று வந்தது. அது கவர்மெண்ட் நோட்டீஸ் மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்ப வாசித்தேன். அப்போதுதான் விளங்கியது. உன்னைக் கூப்பிட்டு ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், மற்றச் சத்தத்தைக் குறைக்கிறேன், நீ கேள் என்று அந்தக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் பாட்டை இறக்கிக் கொடுத்திருக்கிறது. நான் பாட்டைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

எத்தனை மத்தியானம் இறங்கியது என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மதினி ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்த மத்தியானம் மட்டும் நன்றாக ஞாபகம் வந்தது. இறங்கியிருந்த பாட்டு எந்த வார்த்தைக்குப் பிறகு ஏறியது என்பதும் ஞாபகம் வந்தது. மெத்தையைப் பற்றி மதினி கத்தியது பாட்டு ஏறிய பிறகு.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்க முடியாமல் நானே கூப்பிட்டுப் பார்த்தேன். எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை அவரே கூப்பிட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி குத்தியது, கோட்டை இறக்கியது, துணியைத் தொங்கவிட்டது. திக்கித் திக்கி, முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன்.

"அப்ப நான் கூப்பிட்டது ஒனக்குக் கேக்கவே இல்லைங்கிற."

"சத்தியமாக் கேக்கலங்க."

"அன்னைக்கு 'புள்ள, டிக்கெட் பாக்கச் சொல்லிட்டேன்'னு சொன்னேன். நீ ஒண்ணும் பேசல. அப்புறம் அக்காட்ட, நான் வராம இருந்தாத்தான் நிம்மதின்னு சொன்ன. எனக்குச் சொல்ற பதில்னுதான் நெனச்சேன்."

"ஐயோ, இல்லங்க. கண்ணு பட்டுரும்னு மாத்திச் சொன்னேன். ஒங்களுக்குத் தெரியாதா? நான் என்னைக்கு நல்லதை நல்லதாச் சொல்லிருக்கேன்?"

"தெரியும்" என்றார். "ஆனா இருண்ட திரைக்கு முன்னால ஒக்காந்து குரல மட்டும் கேக்கையில அப்படித் தோணல" என்றார்.

"அந்தக் கையெழுத்த மாத்த முடியாதா?"

"பாஸ்போர்ட் அவங்க கையிலல்ல இருக்கு. பேசித்தான் பாக்கணும். சரி விடு. அழுவாத."

விடு என்று அவர் சொன்னதை, என்னை நம்பினார் என்று எடுத்துக்கொள்வதா, போகட்டும் என்று எடுத்துக்கொள்வதா. இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பேசிப் பார்க்கிறேன் என்று நிஜமாகவே சொன்னாரா, என் அழுகையை நிறுத்தச் சொன்னாரா, அதுவும் தெரியவில்லை. முகத்தைப் பார்க்காமல் பேசினால் வார்த்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாய்கிறது.

துணியை எடுத்துவிட்டேன். சாப்ட்வேர் கோட்டை உச்சியில் வைத்தேன். பாட்டை நூறுக்கு இறக்கினேன். எண்பது சதவீதம் என்று இருந்ததை நான் தொடவில்லை. அது அப்படியே இருக்கட்டும். இறங்கினால்தானே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு பல மத்தியானம் பாட்டு இறங்கவே இல்லை. எது இறங்கக்கூடாது என்று பஸ் ஏறிப் புதுக்கோட்டை வரைக்கும் போனேனோ, அது இறங்காதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மோட்டார் ஓடி டியூப்லைட் மங்கும். பாட்டு மங்காது.

கார்த்திகையில் ஒருநாள் மதினி வந்து உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நடந்ததை நான் சொல்லவில்லை. சொன்னால் தன் வாயால்தான் தம்பி வராமல் போனான் என்று நெஞ்சில் அடித்துக்கொள்வாள்.

பாட்டு இறங்கியது.

மிஷினை நிறுத்திவிட்டேன். கேமராவில் பச்சை வெளிச்சம். ஸ்பீக்கரில் அந்த இரைச்சல் மட்டும். திரையில் படம் வரவில்லை. அந்தப் பக்கம் அவர் கேமராவைப் போடவில்லை. போன தடவை மாதிரி கூப்பிட்டதும் கட்டாகிவிடுமோ என்று பயந்து கூப்பிடாமல் இருந்தேன்.

"என்னடி, லோ வோல்டேஜா?" என்றாள் மதினி. பதிலை எதிர்பார்க்காமல் அடுத்ததுக்குத் தாவினாள். "தம்பி இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் வாரானாமே? கேட்டதும் எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. நீ என்னடி கல்லு மாதிரி ஒக்காந்திருக்க?"

பழக்கம் நாக்கில் வந்து நின்றது. 'வராட்டிப் போறாரு' என்று சொல்லிவிட்டால் சுலபம். சாமி கேட்டாலும் ஊர்க் கண் கேட்டாலும் ஏமாந்து போகும். ஆனால் கேட்டுக்கொண்டிருப்பது அவர். உள்ளதைச் சொன்னால் அது நடக்காமல் போய்விடும் என்ற பயம் எனக்கு விளையாட்டில்லை. இரண்டு பிள்ளைகளை அதற்குக் கொடுத்திருக்கிறேன் என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

"அவரு வரணும் மதினி" என்றேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. "ரெண்டு வருஷமெல்லாம் என்னால முடியாது. தைக்கே வரணும். வந்தா எனக்கு அதுதான் சந்தோஷம்."

மதினி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டாள். "அடிப் பாவி. என்னடி இப்படிப் பட்டவர்த்தனமாச் சொல்லிப்புட்ட? பட்டப்பகல்ல, வாசக்கதவத் தொறந்து போட்டுக்கிட்டு! ஒனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருச்சா?"

"ஆமா."

"இரு, அசையாத." அடுப்படிக்குள் ஓடி உப்பையும் மிளகாய் வற்றலையும் அள்ளிக்கொண்டு வந்தாள். என் தலையைச் சுற்றிச் சுற்றி எடுத்து, என்னை மூன்று தடவை துப்பச் சொல்லி, அப்படியே கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடிக்கும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. "பாத்தியா, நெடியே வரல. அம்புட்டுக் கண்ணுடி ஒன் மேல" என்று உள்ளேயிருந்து கத்தினாள். கண் பட்டிருந்தால் மிளகாய் எரிந்தாலும் நெடி வராது என்பார்கள். அழுது அழுது எனக்கு மூக்கு அடைத்திருந்தது. நெடி வந்ததா வரவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

மதினி இருமவில்லை. நானும் இருமவில்லை. ஸ்பீக்கருக்குள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

அவராக இருக்கலாம். கூட இருக்கிறவராகவும் இருக்கலாம். "என்னங்க" என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் பச்சை வெளிச்சம் அணைந்து பாட்டு ஏறிவிட்டது.

மதினி புகையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, "சத்தத்தக் கொறடி, காது கிழியுது" என்றாள். எட்டி மவுசைப் பிடித்துப் பாட்டுக்கோட்டைக் கொஞ்சம் இறக்கினேன். பக்கத்துக் கோடு உச்சியிலேயே இருந்தது. அதில் ஒன்றும் அசையவில்லை.